கால் இரத்த ஓட்டமும் ஊசியில்லாச் சோதனையும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு சிற்றூர்களின் நிலத்தில், 1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் பரப்பில் ஒரு தொழில் நகரத்துக்கு அடிகோலியது. அதுவே இன்று நாம் எலெக்ட்ரானிக் சிட்டி என்று அழைக்கும் இடம். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் எல்லை. ஆகவே, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்தும், இன்னும் தெற்கேயிருந்தும் பிழைப்பை நாடி வந்த தமிழர்கள் அங்கே ஏராளமாக வாழ்வதில் வியப்பில்லை. கணிப்பொறியின் முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர். தொழிற்சாலை வாயிலில் பொழுதெல்லாம் நின்றே காவல் புரிபவர்கள் சிலர். மகனுக்கோ மகளுக்கோ துணையாக, பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஊரைவிட்டு வந்து, அடுக்குமாடி வீடுகளில் தங்கியிருக்கும் பெற்றோர்களும் பலர்.

இத்தகைய வீடொன்றில் வசிக்கும் ஒரு பெரியவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். வயது 66. ஊரில் இருந்தவரை வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே பழகியவர். நீரிழிவு நோய் வந்து 12 ஆண்டுகள் ஆயின. பீடியை விட்டுச் சில ஆண்டுகளே ஆகின்றன. காலையில் பால் வாங்கப் புறப்படுகிறார். ஏறக்குறைய 200 தப்படி நடந்ததும், கெண்டைக்கால் சதையை யாரோ இறுகப் பிடித்தாற்போல வலிக்கிறது. நிற்கிறார். தாம் நிற்பது பிறர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று, கடைப் பலகையிலுள்ள கன்னட எழுத்துக்களைப் படிப்பவர் போல அண்ணாந்து பார்க்கிறார். இரண்டு நிமிஷங்களில் வலி போய்விடுகிறது. மறுபடி நடக்கிறார், மறுபடி அதே தொலைவில் அதே வலி. வீட்டுக்கு வந்து, "வயசாகிவிட்டது, வேறொன்றுமில்லை" என்கிறார். மருமகள் தைலம் எடுத்துக் கொடுக்கிறாள். சில வாரங்களில் பால் வாங்கும் வேலையைப் பேரன் ஏற்றுக்கொள்கிறான். நடை நின்றது, வலியும் நின்றது. நோய் தீர்ந்ததென்று வீட்டார் அனைவரும் நிம்மதி அடைகிறார்கள்.

உண்மையில் நோய் தீரவில்லை. அது தன்னைத் தெரிவித்துக்கொள்ளும் வழியைத்தான் அடைத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் ஒரு சிறு புண் தோன்றுகிறது. அது ஆறாமல் கறுக்கிறது. வைத்தியரிடம் செல்லும்போது, விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா என்ற பேச்சு எழுகிறது. பால் வாங்கப் போன நாளில், 15 நிமிஷங்களில், ஓர் ஊசிகூடக் குத்தாமல் கண்டறிந்திருக்கக்கூடிய நோய் இது. அந்தச் சோதனை எத்தகையது, அதை யார் செய்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இருதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். பயன்பட்ட இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள் சிரைகள். முன்னது வாய்க்கால், பின்னது வடிகால் என்று கொள்ளலாம். காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மேலே எங்கேனும் வண்டல் படிந்து வாய்க்கால் குறுகினால், முதலில் காய்வது கடைமடை நிலந்தான். நமது உடலில் கால்களே கடைமடை. வயது, புகையிலை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுதியான கொழுப்பு ஆகிய காரணங்களால் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுகிறது. பயிர் இளசாக இருக்கும்போது கொஞ்ச நீரே போதும். அதுபோல, உட்கார்ந்திருக்கும்போது காலின் சதைகளுக்குக் குறைந்த இரத்தமே போதும். நடக்கத் தொடங்கியதும் தேவை பலமடங்கு ஆகிறது. குறுகிய குழாயினால் அதைத் தரமுடியவில்லை. பிராணவாயு போதாமல் சதை வேதனையால் முறையிடுகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது.

இந்த வலி வைத்திய உலகுக்குப் புதிதன்று. 1831-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கால்நடை வைத்தியர் பூலே என்பவர், ஓடினால் நொண்டுவதும் நின்றால் சரியாவதுமாக இருந்த ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். அதன் காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டிருந்தது. அதே நிலையை மனிதரிடத்தில் 1858-ஆம் ஆண்டில் ஷார்க்கோ என்னும் புகழ்பெற்ற வைத்தியர் எடுத்துக் காட்டினார். நடந்தால் வலி, நின்றால் சுகம் என்பதே இந்நோயின் கையொப்பம்.

ஆனால், காலில் தோன்றும் எல்லா வலியும் இதுவன்று. மூட்டுத் தேய்வினால் வரும் வலி, உட்கார்ந்து எழும்போதும் படி இறங்கும்போதும் மூட்டிலேயே தெரியும். முதுகெலும்பில் நரம்பு நசுங்குவதால் வரும் வலியும் நடக்கும்போது வரும். ஆனால் அது வெறுமனே நின்றால் போகாது, உட்கார்ந்தோ முன்னே குனிந்தோதான் தணியும். பொழுதெல்லாம் நின்று வேலை செய்யும் காவலருக்கும் தையல் ஆலைத் தொழிலாளருக்கும் மாலையில் கால் கனப்பதும், வீங்குவதும், நரம்பு சுருண்டு தெரிவதும் உண்டு. அவை வடிகாலாகிய சிரைகளின் குற்றம். காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். தமனி அடைப்பிலோ நேர் எதிர். நோய் முற்றியவருக்கு இரவில் படுத்தவுடன் பாதம் எரிந்து வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் சற்றுக் குறையும். அந்த நிலையை அடைந்தவர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வைத்தியர் முதலில் செய்யும் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. அவர் கால்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பார். ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா, தோல் மெலிந்து பளபளக்கிறதா, முடி உதிர்ந்திருக்கிறதா, நகம் தடித்திருக்கிறதா, விரலிடுக்கில் புண் உண்டா என்று நோக்குவார். பிறகு பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுவின் பின்புறத்திலும் விரல் வைத்து நாடி பார்ப்பார். கையில் நாடி பார்ப்பதை அறிந்த நம்மில் பலருக்குக் காலிலும் நாடி உண்டு என்பது தெரியாது. நாடி நன்றாகத் துடிப்பது நல்ல அறிகுறி. எனினும், பாதத்தின் மேற்புற நாடி பிறவியிலேயே சிலருக்குக் கைக்கு எட்டுவதில்லை. ஆகையால், விரலின் சாட்சி மட்டும் போதாது; அளவு வேண்டும்.

முன்பெல்லாம் அந்த அளவை எளிதில் பெற வழியில்லை. 1929-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்தில் டாக்டர் டோஸ் சான்டோஸ், முதுகின் வழியாக நீண்ட ஊசியைப் பெருந்தமனியில் செலுத்தி, எக்ஸ்-கதிரில் தெரியும் மருந்தை ஏற்றிப் படம் பிடித்தார். அடைப்பு எங்கே உள்ளது என்பது கண்ணுக்குத் தெரிந்தது, பெரிய முன்னேற்றந்தான். ஆனால், 'கால் வலிக்கிறது' என்று சொன்னவருக்கெல்லாம் அதைச் செய்ய இயலுமா? 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் டிராவிஸ் வின்சர் எளிய வழி ஒன்றைச் சுட்டிக் காட்டினார். கையில் இரத்த அழுத்தத்தை அளப்பதுபோலக் கணுக்காலிலும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டால், இடையிலே அடைப்பு உண்டா இல்லையா என்பது விளங்கிவிடும் என்பதே அது. வாய்க்காலின் தலைப்பில் இத்தனை நீர், கடைமடையில் இத்தனை நீர் என்று அளந்து பார்க்கும் அதே நியாயம்.

கையில் அளக்கும்போது வைத்தியர் குழலைக் காதில் வைத்து ஒலி கேட்கிறார். கணுக்காலில் அது நன்றாகக் கேட்பதில்லை. அங்கே உதவிக்கு வந்தது டாப்ளர் என்னும் கருவி. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகில் உள்ள ஹீலலிகே நிலையத்தின் வழியாகத்தான் ஓசூர், சேலம் செல்லும் ரயில்கள் ஓடுகின்றன. நிற்காமல் செல்லும் வண்டி ஊதிக்கொண்டே நம்மை நெருங்கும்போது அதன் ஒலி கீச்சென்று உயர்ந்தும், நம்மைக் கடந்தவுடன் தாழ்ந்தும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊதல் ஒன்றுதான், அசைவினால் ஒலி மாறுகிறது. இந்த உண்மையை 1842-ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் கிறிஸ்டியன் டாப்ளர் கணித வாயிலாக எடுத்துரைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பாய்ஸ் பாலட், ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, பாதையோரம் இசை வல்லாரை நிறுத்தி, ஒலி வேறுபடுவதை மெய்ப்பித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1950-களில், ஜப்பானின் ஒசாகா நகரத்தில் சாத்தொமுரா என்பவர் காதுக்கு எட்டாத நுண்ணொலியை உடலுக்குள் செலுத்தி, ஓடும் இரத்தத்தின்மீது பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு இரத்த ஓட்டத்தை அறிய வழி கண்டார். 1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டாக்டர் ஸ்ட்ராண்ட்னெஸ் அதைக் கால் தமனிகளுக்குப் பயன்படுத்தினார். இன்று பேனாவைப்போல ஒரு முனையும், கைக்கடக்கமான பெட்டி ஒன்றும்தான் அந்தக் கருவி.

இனி, சோதனை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு, நீங்கள் ஐந்து முதல் பத்து நிமிஷம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்பு புகை பிடித்திருக்கக் கூடாது. முதலில் இரண்டு கைகளிலும் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கப்படும். பிறகு கணுக்காலுக்குமேல் அதே போன்ற பட்டையைச் சுற்றுவார்கள். பாதத்தின் நாடியின்மேல் குளிர்ச்சியான பசையைத் தடவி, டாப்ளரின் முனையை வைப்பார்கள். ஊது உலையின் மூச்சுப்போல 'உஸ், உஸ்' என்று உங்கள் இரத்தம் ஓடும் ஒலி உங்கள் காதிலேயே கேட்கும். பட்டையில் காற்றை ஏற்றினால் ஒலி நிற்கும். மெள்ள இறக்கினால் ஓரிடத்தில் மீண்டும் எழும். அந்த இடத்தின் அழுத்தமே கணுக்காலின் அழுத்தம். ஒவ்வொரு காலிலும் இரண்டு தமனிகளில் இவ்விதம் அளந்து, கூடுதலான எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அதை, இரண்டு கைகளில் எது கூடுதலோ அந்த எண்ணால் வகுப்பார்கள். கிடைப்பது கணுக்கால்-புஜ விகிதம். வைத்தியர் சீட்டில் ஏ.பி.ஐ. என்று மூன்று எழுத்தில் எழுதியிருப்பார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நமது பெரியவருக்குக் கையில் 140. வலக் கணுக்காலில் 147. இடக் கணுக்காலில் 84. வலக்காலுக்கு 147-ஐ 140-ஆல் வகுத்தால் 1.05. இடக்காலுக்கு 84-ஐ 140-ஆல் வகுத்தால் 0.60. படுத்திருக்கும் நிலையில், சுகமான காலின் அழுத்தம் கையின் அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ஆகவே 1.00 முதல் 1.40 வரை சரியான அளவு. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90-உம் அதற்குக் கீழும் இருந்தால் தமனியில் அடைப்பு உண்டென்று கொள்வார்கள். 0.40-க்குக் கீழே போய்விட்டால் கால் ஆபத்தில் இருக்கிறது. பெரியவரின் வலக்கால் நலமாக இருக்கிறது. இடக்காலுக்கு இரத்தம் போதவில்லை. 'வயசு' என்று அவர் சொன்ன காரணம் பொருந்தாது. இரண்டு கால்களுக்கும் வயது ஒன்றுதானே!

சிலருக்குப் படுத்திருக்கும்போது விகிதம் சரியாகவே இருக்கும். நடக்கும்போது மட்டும் வலி வரும். அவர்களை ஓடுபட்டையின்மேல் சிறிது நேரம் நடக்கவிட்டு, உடனே மறுபடி அளப்பார்கள். ஓடுபட்டை இல்லாத இடத்தில், நின்றபடி குதிகாலைப் பலமுறை உயர்த்தித் தாழ்த்தச் செய்வதும் உண்டு. மறைந்திருக்கும் அடைப்பு இருந்தால், நடந்த பிறகு கணுக்காலின் அழுத்தம் வெளிப்படையாகக் கீழே இறங்கிவிடும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றை விசேஷமாக நினைவில் வைக்கவேண்டும். நெடுங்காலமாக நீரிழிவு இருந்தால், தமனியின் சுவரில் சுண்ணம் ஏறி அது மரக்குழாய்போல் கெட்டியாகிவிடுவது உண்டு. அப்போது பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்குவதில்லை. அளவு 1.40-க்கு மேலே போய்விடும். அல்லது, உள்ளே அடைப்பு இருந்தும் சரியான அளவுபோலப் பொய்த்தோற்றம் காட்டும். 'விகிதம் நன்றாக இருக்கிறது' என்று அவர்கள் மகிழ்ந்து வந்துவிடலாகாது. கால் பெருவிரலின் சிறு தமனிகளில் இப்படிச் சுண்ணம் ஏறுவது குறைவு. ஆகவே, பெருவிரலில் சிறிய பட்டையைச் சுற்றி அங்கே அழுத்தம் அளப்பார்கள். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய செவ்வொளிக் கருவியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே வகையான ஒளிதான் இங்கே விரலில் இரத்தம் வந்து சேர்வதைக் காட்டுகிறது. விரலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.70-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்று பொருள்.

அடைப்பு உண்டென்று தெரிந்தபின், அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற வினா எழும். தொடை, முழங்கால், கணுக்கால் என்று பல இடங்களில் பட்டை சுற்றி அளந்தால், எந்த இரண்டு பட்டைகளுக்கு இடையே அழுத்தம் சட்டென்று விழுகிறதோ அங்கே அடைப்பு என்று ஊகிக்கலாம். இன்னும் தெளிவாக அறிய டூப்ளெக்ஸ் ஸ்கேன் உள்ளது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் செய்யும் அதே நுண்ணொலி ஸ்கேன்தான். தமனியின் உருவத்தையும் அதில் இரத்தம் ஓடும் வேகத்தையும் ஒரே திரையில் காட்டும். ஆற்றின் அகலம் குறுகும் இடத்தில் நீர் விரைந்து பாய்வதுபோல, தமனி குறுகிய இடத்தில் இரத்தத்தின் வேகம் கூடும்; அதைக் கொண்டு குறுக்கத்தின் அளவைக் கணிக்கலாம். சிரைகளின் குற்றத்தையும் இதே ஸ்கேன் காட்டிவிடும். ஆறாத புண் உள்ளவருக்கு, தோலின்மேல் ஒட்டும் ஒரு சிறு உணர்வி மூலம் தோலுக்குப் போய்ச் சேரும் பிராணவாயுவை அளக்கும் முறையும் உண்டு. புண் தானே ஆறுமா என்பதைக் கணிக்க அது துணை செய்கிறது.

இவை எவற்றுக்கும் ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. படமும் ஆஞ்சியோகிராமும், அடைப்பை நீக்குவது என்று தீர்மானித்த பிறகு, வழி வகுப்பதற்காகச் செய்யப்படுபவை. அந்த மருந்து, சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குக் கெடுதி செய்யக்கூடும். ஆகவே, எளியதில் தொடங்கி அரியதுக்குச் செல்வதே முறை.

இந்நோய் நம் மக்களிடையே எந்த அளவில் உள்ளது? சென்னையில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களிடையே நீரிழிவு, இருதய நோய் பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் ஒரு பகுதியாக, 631 பேருக்கு டாப்ளர் கருவி கொண்டு இந்த விகிதத்தையே அளந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. மொத்தத்தில் 100-க்கு 3.2 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களுள் 100-க்கு 2.7 பேர், நீரிழிவு உள்ளவர்களுள் 6.3 பேர். வயது ஏற ஏற நோயும் கூடிற்று. மேனாடுகளோடு ஒப்பிட்டால் இது குறைந்த அளவே. எனவே எல்லாரும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவரும் முதியவரும் அலட்சியமாக இருக்கலாகாது. இந்த இரண்டு பாடங்களையும் அந்த எண்கள் ஒருங்கே கற்பிக்கின்றன.

ஆகவே, ஒரு குறையும் இல்லாத 30 வயது இளைஞர், 'முழு உடற் சோதனை' என்ற விளம்பரத்தைப் பார்த்து இதற்குப் பணம் செலவிடத் தேவையில்லை. நோய்க் குறியில்லாத அனைவருக்கும் இச்சோதனையைச் செய்வதால் நன்மை உண்டு என்று காட்டப் போதிய சான்று இல்லையென்று அமெரிக்க நாட்டின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2018-ஆம் ஆண்டில் கூறியது. யார் செய்துகொள்ளவேண்டும்? நடந்தால் கால் வலித்து, நின்றால் போகிறவர்கள். காலில் ஆறாத புண் உள்ளவர்கள். பாத நாடி கிடைக்காதவர்கள். 65 வயதைத் தாண்டியவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், புகை பிடிப்பவர்களும், இருதய நோய் கண்டவர்களும் தமக்கு இது தேவையா என்று வைத்தியரைக் கேட்டறிய வேண்டும். நீரிழிவினால் பாத உணர்ச்சி மழுங்கியவருக்கு வலியே தோன்றாமல் நோய் முற்றக்கூடும். அவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. சுருண்ட நரம்புக்காக இறுக்கமான காலுறை வாங்கி அணிய விரும்பும் காவலரும், முதலில் தமனி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். இரத்தம் குறைந்த காலை இறுக்கிக் கட்டினால் உள்ள ஓட்டமும் தடைப்படும்.

இளைஞருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1908-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் லியோ பர்கர் என்பவர் விவரித்ததால் பர்கர் நோய் என்று பெயர் பெற்ற ஒரு வியாதி இருக்கிறது. அது பெரும்பாலும் 50 வயதுக்கு உட்பட்ட, பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ள ஆண்களையே பிடிக்கிறது. கை, கால் விரல்களின் சிறு தமனிகள் அழன்று அடைபடுகின்றன. அதற்குத் தலையாய மருந்து ஒன்றே: புகையிலையை அடியோடு விடுதல். குறைத்தல் போதாது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு, நோயை எடுத்துச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. மகனோ மகளோ வேலைக்குப் போய்விட்ட நேரத்தில், தாய் தந்தையர் தாமே வைத்தியசாலைக்குச் சென்று, மொழி தெரியாமல் 'கால்' என்று தொட்டுக் காட்டிவிட்டு, வலி மாத்திரையோடு திரும்புவது வழக்கம். இதில் வைத்தியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான். கன்னடத்திலும் வலியை 'நோவு' என்றே சொல்வார்கள். அது நமது சொல்லுந்தான். "நடெதரெ நோவு, நிந்தரெ கம்மி" என்று நான்கு சொற்களைச் சொன்னால், 'நடந்தால் வலி, நின்றால் குறைவு' என்பது விளங்கிவிடும். எத்தனை தப்படியில் வலிக்கிறது, எந்தச் சதையில் வலிக்கிறது, எத்தனை நிமிஷத்தில் தணிகிறது என்ற மூன்று விவரங்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டாலும் கேட்காவிட்டாலும், வைத்தியர் முன்னிலையில் செருப்பையும் காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலர் மரியாதை கருதிப் பாதத்தைக் காட்டக் கூசுவார்கள். மறைக்கப்பட்ட பாதமே பெரும்பாலும் இழக்கப்படும் பாதம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்து முன்போல் இடையூறன்று. பொம்மசந்திரத்திலேயே பெரிய மருத்துவமனை வளாகம் உள்ளது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம், பொம்மசந்திரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக ராஷ்ட்ரீய வித்யாலயா சாலைவரை செல்கிறது. இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்குமான கர்நாடக அரசு நிறுவனமாகிய ஜெயதேவா மருத்துவமனையின் பெயரிலேயே அத்தடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமாகிய இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்கள், தம்மைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டா என்று தம் அலுவலகத்தில் கேட்டறிந்து, பெயரைப் பதிந்துகொள்வது நலம்.

நோய் தெரிந்தபின் என்ன செய்வது என்ற அச்சம் எழலாம். கால் தமனி நோய் உள்ளவர்களில் மிகப் பலருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. முதல் மருந்து புகையிலையை விடுவது. இரண்டாவது, நமது பெரியவர் எதை நிறுத்தினாரோ அந்த நடைதான். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்து, இவ்வாறு ஓய்வும் நடையுமாக 30 முதல் 45 நிமிஷம், வாரத்துக்கு மூன்று முறையேனும், 12 வாரங்கள் பயின்றால் வலியின்றி நடக்கும் தொலைவு கூடுகிறது. காலில் புண் உள்ளவரும், இருதய நோய் உள்ளவரும் வைத்தியரைக் கேட்ட பிறகே இதைத் தொடங்கவேண்டும். மூன்றாவது, சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் அடக்கி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையும் சொன்னபடி உட்கொள்வது. இது காலுக்காக மட்டுமன்று. காலின் தமனியில் படிந்த கொழுப்பு, இருதயத்தின் தமனியிலும் மூளையின் தமனியிலும் படிந்திருக்கக்கூடும். கால் தமனி நோய் உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் மற்றவரைவிட மிகுதி. கணுக்காலில் அளந்த எண், இருதயத்துக்கும் சேர்த்தே விடுக்கப்பட்ட எச்சரிக்கை.

இவற்றால் தீராத அடைப்பை நீக்கவும் வழி உண்டு. 1964-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில், 82 வயது மூதாட்டி ஒருவர், காலை வெட்டவேண்டும் என்று சொன்னபோது உறுதியாக மறுத்துவிட்டார். டாக்டர் சார்லஸ் டாட்டர் என்பவர் அவருடைய தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்திக் குறுகிய வழியை அகலப்படுத்தினார். அந்தக் கால் வெட்டப்படாமலே பிழைத்தது. இன்று இருதயத்துக்கும் காலுக்கும் செய்யப்படும் ஆஞ்சியோபிளாஸ்டி அந்த மூதாட்டியின் காலில்தான் பிறந்தது.

ஒன்றை மட்டும் எந்தச் சோதனைக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. நன்றாக இருந்த கால் திடீரென்று கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போனால், அது தமனி முற்றும் அடைபட்டதன் அடையாளம். தைலம் தேய்ப்பதும், வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பதும் காலைப் பறிகொடுக்கும் வழிகள். சில மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையை அடையவேண்டும். 108 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

கடைமடைக்கு நீர் வரவில்லை என்றால் விவசாயி வயல் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதில்லை. மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே மேலே நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். ஊரில் அந்த வேலையைச் செய்த பெரியவர்கள்தாம் இன்று நம்மோடு அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களோடு வெளியே செல்லும்போது, அவர்கள் நடக்கும் வேகத்தில் நீங்களும் நடந்து பாருங்கள். நடுவழியில் நின்று கடைப் பலகையைப் பார்த்தால், 'என்ன அப்பா படிக்கிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'கால் வலிக்கிறதா, அப்பா?' என்று கேளுங்கள்.